7805-ஐ டிரான்சிஸ்டரால் அணைத்தால் வெளியே 11 வோல்ட் வருகிறது. எங்கே தவறு?

அணைக்கட்டு விவசாயி:
வணக்கம். எங்கள் மல்லாட்டை நிலத்துத் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு அமைப்பு செய்திருக்கிறேன். 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி, சோலார் பலகை. எல்லாவற்றையும் இயக்கும் அர்டுயினோ என்கிற சின்னக் கணினிப் பலகைக்குத் தனி சப்ளை. அல்ட்ராசோனிக் சென்சாருக்கும் ரேடியோ மாட்யூலுக்கும் 7805 என்கிற வோல்டேஜ் ரெகுலேட்டர் மூலம் 5 வோல்ட், மொத்தம் 150 மில்லி ஆம்பியர். கால் மணிக்கு ஒரு தடவை பத்து விநாடி ஓடினால் போதும். ஆனால் 7805 சும்மா இருந்தாலே 5 மில்லி ஆம்பியர் குடிக்கிறது, நாளுக்கு 120 மில்லி ஆம்பியர் மணி. பேட்டரி பழசு, கார்த்திகை மழையில் தாங்காது.

அதனால் 7805-இன் கிரவுண்ட் காலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் பிசி547 என்கிற என்பிஎன் டிரான்சிஸ்டரை சுவிட்சாகப் போட்டேன். ஆன் செய்தால் 5.1 வோல்ட், சரி. ஆஃப் செய்தால் 11 வோல்ட்! சென்சார் போய்விட்டது. புதுசு வாங்கி வைத்திருக்கிறேன், மாட்டப் பயமாக இருக்கிறது.

காட்பாடி ரேடியோ மெக்கானிக்:
தம்பி, இப்போதைக்குப் புதுசை மாட்டாதீர்கள். 7805 தன் கிரவுண்ட் காலிலிருந்து 5 வோல்ட் மேலே வெளியீட்டை நிறுத்தும். அந்தக் காலை அறுத்துவிட்டால் அதற்கு அளவுகோலே கிடையாது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் முழுசாகத் திறந்து, உள்ளே வருவதில் ஒன்றிரண்டு வோல்ட் குறைத்து அப்படியே வெளியே தள்ளும். சென்சாரின் மைனஸ் நேரே பேட்டரியில் இருப்பதால் 11 வோல்ட்டும் அதன் தலையில்தான்.

கிரவுண்ட் காலைத் தொடவே கூடாது. உள்ளே வரும் பிளஸ்ஸை அறுக்க வேண்டும். பிடி140 என்கிற பிஎன்பி டிரான்சிஸ்டரை எடுங்கள். எமிட்டர், கலெக்டர், பேஸ் என்று அதற்கு மூன்று கால். எமிட்டர் பேட்டரி பிளஸ்ஸில், கலெக்டர் 7805-இன் உள்ளீட்டில். பேஸிலிருந்து 1 கே (1000 ஓம்) ரெசிஸ்டர் வழியாக உங்கள் பிசி547-இன் கலெக்டருக்கு, அதன் எமிட்டர் மைனஸுக்கு. அர்டுயினோ பின்னிலிருந்து 4.7 கே வழியாக பிசி547 பேஸுக்கு. பிடி140-இன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் 10 கே கட்டாயம் போடுங்கள், அதுதான் ஆஃப் நேரத்தில் அதை முழுசாக மூடி வைக்கும்.

அணைக்கட்டு விவசாயி:
நன்றி அண்ணா. பிசி547 இல்லாமல் பின்னிலிருந்து நேரே பிஎன்பி பேஸுக்குக் கொடுத்தால் ஆகாதா?

காட்பாடி ரேடியோ மெக்கானிக்:
ஆகாது. எமிட்டர் 12.6 வோல்ட்டில் இருக்கிறது, பின் ஹையில் 5 வோல்ட்தான். அந்த வித்தியாசத்தில் பிஎன்பி அணையவே அணையாது. கரண்ட் பின்னுக்குள் திரும்பி வந்து அர்டுயினோவும் கெடும்.

ராணிப்பேட்டை:
சூட்டையும் பாருங்கள். 7.6 வோல்ட்டை 150 மில்லி ஆம்பியரில் எரித்தால் ஒரு வாட்டுக்கு மேல். பத்து விநாடிக்குப் பிரச்சினை இல்லை. சோதனை செய்கிறேன் என்று கத்திரி வெயிலில், தகரப் பெட்டிக்குள் மணிக்கணக்கில் ஆனில் விட்டால் ஹீட்சிங்க் வேண்டும்.

அணைக்கட்டு விவசாயி:
நேற்று ராத்திரி மாற்றிக் கட்டினேன். முதலில் சென்சாரை விட்டுவிட்டு ரெசிஸ்டர் ஒன்றை லோடாகப் போட்டுப் பார்த்தேன். ஆனில் 5.0, ஆஃபில் பூஜ்யம். அப்புறம் சென்சாரை மாட்டினால் ஆஃபிலும் 2 வோல்ட் கிட்ட நிற்கிறது. மறுபடி பயம் வந்துவிட்டது.

காட்பாடி ரேடியோ மெக்கானிக்:
இது வேறு விஷயம், பயப்படாதீர்கள். சென்சாரை அளக்கச் சொல்லும் டிரிகர் பின் ஹையில் (5 வோல்ட்டில்) நின்றிருக்கும். அந்தக் கம்பி வழியாகவே சென்சாருக்குள் மின்சாரம் ஏறுகிறது. ரேடியோவின் டேட்டா கம்பிக்கும் இதே கதை. 7805-ஐ அணைக்கும் முன் அந்தப் பின்களை எல்லாம் லோ (பூஜ்ய வோல்ட்) செய்யுங்கள், சென்சாரின் பதில் வரும் எக்கோ பின்னில் உள் புல்-அப் (பின்னை ஹையில் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அணைக்கட்டு விவசாயி:
டிரிகர் பின்தான் அண்ணா. லோ செய்ததும் பூஜ்யம் ஆகிவிட்டது. இன்று காலையிலிருந்து தொட்டி மட்டம் வீட்டுக்கு ஒழுங்காக வருகிறது.