ஜிங்க் ஆக்சைடு நானோ + மெரோபெனம்: ஜோன் வந்தா சினெர்ஜினு எழுதலாமா?

மைக்ரோபொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு ஆவாரை இலைச் சாறுல ஜிங்க் ஆக்சைடு நானோ துகள் செஞ்சு க்ளெப்சியெல்லா பாக்டீரியா மேல டெஸ்ட் பண்றேன், ஸ்ட்ரெயின் என்டிஎம் பாசிட்டிவ், அதாவது மெரோபெனம் மாதிரி ஆன்டிபயாடிக்க உடைக்கிற என்சைம் அதுகிட்ட இருக்கு. வெறும் மெரோபெனம் டிஸ்க்குக்கு ஜோனே (பாக்டீரியா வளராத வட்டம்) வரல, அதுமேல நானோ விட்டா சின்னதா ஒரு ஜோன் வருது, நானோ மட்டும் விட்ட டிஸ்க்குலயும் கொஞ்சம் வருது. இத வச்சு சினெர்ஜினு, அதாவது ரெண்டும் சேந்தா தனித்தனியா விட பலமா வேலை செய்யுதுனு எழுதிடலாமா?

லேப்செல்வம்:
எழுதாதம்மா. நானோ தனியாவே ஜோன் குடுக்குதுன்னா சேத்து வச்சப்ப வந்ததும் அதோட வேலையாவே இருக்கலாம்ல. அதோட துகள் அகார் ஜெல்ல சரியா பரவாது, போட்ட எடத்துலயே நின்னுடும், அதனால ஜோன் அளவ நம்பவே முடியாது. 96 குழி ப்ளேட்ல செக்கர்போர்டு போடு (ரெண்டையும் வேற வேற அளவுல கலந்து பாக்குறது), எஃப்ஐசி இண்டெக்ஸ் (சேத்து வச்சா தேவைப்படுற அளவ தனியா தேவைப்படுற அளவோட ஒப்பிடுற எண்) 0.5 இல்ல அதுக்குக் கீழ வந்தா சினெர்ஜி, 4க்கு மேல போனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா வேலை செய்யுதுனு அர்த்தம். ஒண்ணு முக்கியம், நானோ போட்டாலே குழி கலங்கலாத்தான் தெரியும், ஓடி ரீடிங்க (கலங்கல மெஷின்ல அளக்குறது) நம்பாம ஒவ்வொரு குழில இருந்தும் எடுத்து ப்ளேட் பண்ணி காலனி எண்ணு.

வார்டுடாக்டர்:
செல்வம் சார் சொன்னது சரி, ஆனா எனக்கு அதவிட பெரிய கவலை நீ எடுத்த ஜோடி மேலதான். என்டிஎம் என்சைம் வேலை செய்யவே ஜிங்க் வேணும், அதோட ஆக்டிவ் சைட்ல 2 ஜிங்க் அயனி உக்காந்திருக்கு. லேப்ல இத கண்டுபிடிக்க மருந்து டிஸ்க்ல ஈடிடிஏ சேக்குறோமே, அது ஜிங்க்க உருவிடுது, என்சைம் படுத்துடுது, ஜோன் பெருசாகுது. நீ பண்றது அப்படியே தலைகீழ், கரைஞ்சு வர்ற ஜிங்க் அந்த என்சைமுக்கே தீனியாப் போகலாம். அதனால அதே அளவு ஜிங்க் சல்ஃபேட் போட்டு ஒரு கண்ட்ரோல் கண்டிப்பா வை, துகள் கொல்லுதா அயனி கொல்லுதானு அப்பதான் பிரியும். 2010 லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் கட்டுரைல வந்த என்டிஎம் ஸ்ட்ரெயின்கள்ல நம்ம சென்னையோடதும் இருந்துச்சு, நம்ம ஐசியூ நோயாளிங்க விஷயம் இது, அரைகுறையா எழுதக் கூடாது.

மைக்ரோபொண்ணு:
ரொம்ப நன்றி டாக்டர், இத யாருமே சொல்லல. அப்போ மெரோபெனத்துக்கு பதிலா சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின் ஆன்டிபயாடிக்) எடுக்கட்டுமா?

வார்டுடாக்டர்:
அதுவும் ஜிங்க்க புடிச்சுக்கும்மா, ஜிங்க் மாத்திரையும் சிப்ரோவும் ஒண்ணா போடாதீங்கனு அதனாலதானே சொல்றோம். எடு, ஆனா கண்ட்ரோலோட எடு.

கால்நடைகுமார்:
இன்னொண்ணு. ஜிங்க்குக்கும் பாக்டீரியா பழகிடும். பன்னிங்ககிட்ட இருக்குற எம்ஆர்எஸ்ஏல (மெத்திசிலின் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா) ஜிங்க்க தாங்குற சிஇசட்ஆர்சி ஜீன், மெத்திசிலின் ரெசிஸ்டன்ஸ் இருக்குற அதே டிஎன்ஏ துண்டுலயே இருக்கு, ஜிங்க் போடப் போட ரெண்டும் சேந்தே நிலைச்சுடும். குட்டிங்களுக்கு வயித்துப்போக்கு வராம இருக்க தீவனத்துல மருந்து அளவுல போட்டுட்டு இருந்த ஜிங்க் ஆக்சைட ஐரோப்பிய யூனியன் 2022 ஜூன்ல நிறுத்திடுச்சு, மண்ணுல சேருற ஜிங்க்கும் இந்த ரெசிஸ்டன்ஸ் பயமும்தான் காரணம். தீசிஸ்ல இதுக்கும் ஒரு பத்தி ஒதுக்கும்மா.