மறுமொழி: ‘முகவரிக்கோவை’ வேண்டாம், வேறு சொல் பார்க்கலாம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கமுங்க.

நிரலில் பிழை தேடும் வேலையில் வருகிற ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் வைத்துப் பொள்ளாச்சி அண்ணா அனுப்பிய பட்டியலில் முக்கியமாக ஒரு சொல்தான் எனக்கு முள்ளாகக் குத்துகிறது. வழுநீக்கி (பிழை தேட உதவும் டிபக்கர்), மாறி (வேரியபிள்), பதிவகம் (சில்லுக்குள்ளேயே இருக்கிற ரெஜிஸ்டர்), அடுக்கு (ஓடும் நிரல் தன் மாறிகளை வைக்கும் நினைவகப் பகுதி, ஸ்டாக்), சட்டகம் (அதில் ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்புக்கும் உரிய பங்கு, ஃபிரேம்) எல்லாம் கை பழகிய சொற்கள். ஒரு மாறி எங்கே இருக்கிறது என்று வழுநீக்கிக்குச் சொல்லும் குறிப்பான ‘லொகேஷன் எக்ஸ்பிரஷன்’ என்பதற்கு மட்டும் அண்ணா ‘முகவரிக்கோவை’ என்று போட்டிருக்கிறார், இன்னொரு நண்பர் அதை ‘இடக்கோவை’ என்று சுருக்கியிருக்கிறார். பள்ளிக் கணக்கில் இயற்கணிதக் கோவை என்று படித்தோமே, அந்தக் கோவைதான். பிழையில்லை. ஆனால் எங்கள் ஊரில் ‘இடக்கோவை’ என்றால் ரயில்வே ஸ்டேஷனுக்கு இடது பக்கமிருக்கிற கோயமுத்தூரா என்று கேட்பார்கள். அது போகட்டும். எனக்குத் தகராறு ‘முகவரி’யோடுதான்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் போர்வெல் மோட்டாரைச் செல்போனில் ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டருக்கு மின்சுற்றுப் பலகை செய்கிறோம். தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடினால் நொடிகளை எண்ணி, எல்லை தாண்டியதும் ரிலேயை அணைக்க வேண்டும். அன்னூர் பக்கம் ஒரு தோட்டத்தில் தண்ணீர் நன்றாக வரும்போதே மோட்டார் நின்று நின்று போனது. பலகையைக் கழற்றி வந்து வழுநீக்கியில் மாட்டினோம். எங்களோடு வேலை செய்கிற கோபிக்காரத் தம்பி, ரிலே அணைந்ததற்கு அடுத்த வரியில் நிரலை நிறுத்தி, அந்த நொடிகளை எண்ணும் ‘உலர்நொடி’ என்ற மாறியின் மதிப்பைக் கேட்டான். ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ (மேம்படுத்தலில் போய்விட்டது) என்று வந்தது. “அண்ணா, கம்பைலரு மாறியவே தூக்கி வீசிருச்சுங்க” என்றான். நாம் எழுதுகிற நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாகப் பெயர்க்கும் கம்பைலரின் பதிப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே மதியம் வரை போனது. சாப்பிட்டு வந்து நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். நிறுத்தும் இடத்தை மூன்று வரி மேலே தள்ளினேன். உலர்நொடி 30 என்று வந்து நின்றது. (உண்மையான பிழை மின்னோட்டத்தை அளக்கும் பகுதியில் இருந்தது, அது தனிக் கதை.)

மூன்று வரிக்குள் மாறி எங்கே போனது? நமக்கு வேண்டிய சொல்லும் இந்தக் கேள்விக்குள்தான் கிடக்கிறது.

கம்பைலர் நிரலைப் பெயர்க்கும்போதே வழுநீக்கிக்கென்று ஒரு குறிப்பேடு எழுதி வைக்கிறது. டுவார்ஃப் என்பது அந்தக் குறிப்பேட்டின் வடிவம். பெயர்த்த நிரலைச் சேமிக்கும் எல்ஃப் என்ற கோப்பு வடிவத்துக்குத் துணையாக வந்ததால் விளையாட்டாக வைத்த பெயர் (எல்ஃபும் டுவார்ஃபும் மேலைநாட்டுக் கதைகளில் வரும் மாய மனிதர்கள்), விரிவாக்கம் பிறகு ஒட்டவைத்தது. மாறியின் மதிப்பைக் கேட்டால் வழுநீக்கி முதலில் பார்ப்பது, இப்போது நிரல் எந்தக் கட்டளையில் நிற்கிறது என்பதை. அந்த இடம் எந்தச் செயற்கூறுக்குள் (ஃபங்ஷன்), அதிலும் எந்தத் தொகுதிக்குள் வருகிறது என்று குறிப்பேட்டில் தேடிப் போகிறது. அங்கே அந்தப் பெயரில் ஒரு பதிவு இருக்கும். அதில் மாறியின் வகை இருக்கும், கூடவே இரண்டு மூன்று பைட்டில் ஒரு சின்ன நிரலும் இருக்கும். ஆமாம், நிரல்தான். அதை ஓட்டிப் பார்த்தால்தான் மாறி எங்கே என்று தெரியும். அதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

நிரலை வேகமாக்கும் மேம்படுத்தல் (ஆப்டிமைசேஷன்) எதுவும் இல்லாமல் கம்பைலரில் தொகுத்தபோது அந்த உலர்நொடிக்கு என்ன எழுதியிருந்தது என்று பார்த்தேன். இரண்டே பைட். பதினாறுநிலை எண்ணில் 91, அடுத்து 6சி. 91 என்றால் ‘சட்டகத்தின் அடியிலிருந்து இத்தனை தள்ளி’ என்று பொருள். 6சி என்பது 108. இந்தக் குறிமுறையில் ஒரு பைட்டுக்கு ஏழு பிட்டுதான் எண்ணுக்கு, எட்டாவது பிட்டு ‘இன்னும் ஒரு பைட் வருது’ என்று சொல்வதற்கு. ஏழு பிட்டில் உச்சி பிட்டு 1 ஆக இருப்பதால் எண் எதிர்மறை. 108-இலிருந்து 128-ஐக் கழித்தால் மைனஸ் 20. ஆக, அடியிலிருந்து 20 பைட் கீழே. அவ்வளவுதான். முகவரி என்று எதுவும் அதில் இல்லை, பாருங்கள்.

இதைத் தம்பிக்கு விளக்கும்போது என் வாயில் தானாக வந்தது மாடு கட்டும் முளைக்குச்சி. தோட்டத்தில் இன்றைக்கு ஒரு இடத்தில் முளை அடிப்போம், நாளைக்கு இன்னொரு இடத்தில். தும்பின், அதாவது கட்டுகிற கயிற்றின், நீளம் அதேதான். மாட்டைத் தேடுகிறவன் முளையைக் கண்டுபிடித்து, தும்பைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். ஒரு செயற்கூறு தன்னையே மூன்று முறை அழைத்தால் அடுக்கில் மூன்று முளை. மூன்றுக்கும் தும்பு அதே 20 பைட். முளை எங்கே அடித்திருக்கிறது என்று சொல்ல வேறொரு அட்டவணை இருக்கிறது, ஒவ்வொரு கட்டளைக்கும் ‘இந்தப் பதிவகத்தோடு 24 கூட்டு’ என்கிற மாதிரி. அதையும் கம்பைலர்தான் எழுதுகிறது. எங்கும் பொதுவான மாறிகள் வேறு சாதி: 03 என்று ஒரு பைட், பின்னாலேயே முழு முகவரி. அது சர்வேக்காரர் நட்ட கல், நகராது. ‘முகவரி’ அந்தக் கல்லுக்குப் பொருந்தும், முளைக்குப் பொருந்தாது.

சரி, மேம்படுத்தித் தொகுத்தால்? அப்போது அடுக்கில் இடமே ஒதுக்காமல், உலர்நொடியைக் கம்பைலர் மூன்றாம் பதிவகத்திலேயே வைத்துக்கொண்டது. பதிவகத்துக்கு நினைவக முகவரி ஏது? குறிப்பேட்டில் ஒற்றைக் குறிப்புக்குப் பதில் ஒரு பட்டியல் இருந்தது: செயற்கூறின் 12-ஆம் பைட்டிலிருந்து 25 வரை, 53. மூன்றாம் பதிவகத்துக்குள் பார் என்பது 53-க்குப் பொருள். அதற்கு மேல் வரியில்லை. ரிலேயை அணைக்கும் அழைப்பு 22-இல் தொடங்குகிறது, நான்கு பைட். எங்கள் ஆர்ம் வகைச் சில்லில் 0 முதல் 3 வரையுள்ள பதிவகங்களை அழைக்கப்பட்ட செயற்கூறு தன் இஷ்டத்துக்கு அழித்து எழுதலாம். திரும்பி வந்தபின் உலர்நொடி யாருக்கும் தேவையில்லை என்பதால் கம்பைலர் அதைப் பத்திரப்படுத்தவும் இல்லை. தம்பி நின்றது 26-இல். நான் போய் நின்றது 16-இல். இதில் இன்னொன்று: பட்டியலில் தொடக்கம் சேரும், முடிவு சேராது. வேலி யாருடையது என்று நம் பக்கம் மூன்று தலைமுறையாக வழக்கு நடக்கிறது. டுவார்ஃப் எழுதியவர்கள் வேலி அடுத்தவனுக்கு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

இதைவிட ‘இடம்’ என்ற சொல்லுக்கு வேட்டு வைக்கிற சங்கதி ஒன்று உண்டு. சில மாறிகள் பதிவகத்திலும் இருக்காது, நினைவகத்திலும் இருக்காது. ஆனால் மதிப்பைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். குறிப்பின் கடைசியில் ‘வந்த விடையே மதிப்பு, போய்த் தேடாதே’ என்று ஒரு பைட் போட்டுவிடுவார்கள். 2017-இல் வந்த டுவார்ஃப் ஐந்தாம் பதிப்பில் இன்னும் ஒரு படி போய், ‘இந்தச் செயற்கூறுக்குள் நுழையும்போது இந்தப் பதிவகத்தில் என்ன இருந்தது’ என்று கேட்கவும் வழி வைத்தார்கள். அது அழிந்து போயிருந்தாலும், அழைத்தவன் அதில் எதைப் போட்டு அனுப்பினான் என்று அவன் பக்கக் குறிப்பில் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் விசாரிக்கிற மாதிரி. இடமே இல்லாத ஒன்றுக்கு ‘இடக்கோவை’ எப்படிப் பொருந்தும்?

ஆகவே நான் முன்வைப்பது ‘தடக்குறிப்பு’. நம் பக்கம் வழி கேட்டால் ‘தடம் சொல்லுங்க’ என்றுதானே கேட்போம். கிரயப் பத்திரத்திலும் ‘மாமூல் வண்டித்தடம்’ என்றுதான் எழுதுவார்கள். பட்டியலுக்குத் ‘தடப்பட்டியல்’. சட்டகத்தின் அடிக்குச் ‘சட்டக முளை’. தள்ளிப் போகும் அளவுக்குத் ‘தும்பளவு’ என்று வைக்க ஆசைதான், சிரிப்பீர்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

‘ஆப்டிமைஸ்டு அவுட்’டுக்கு அண்ணா போட்ட ‘நீக்கப்பட்டது’ வேண்டவே வேண்டாம். தம்பியை அரை நாள் அலையவிட்டது அந்தக் கருத்துத்தான். முதலில் ‘மதிப்பில்லை’ என்று யோசித்தேன். கொங்கு நாட்டில் ஒருவரைப் பார்த்து மதிப்பில்லை என்று சொல்லிவிட்டு ஊருக்குள் நடமாட முடியாது. ‘மதிப்பு எஞ்சவில்லை’ என்று வைக்கலாமா?

ஒரு தற்செயல். டுவார்ஃப் நான்காம் பதிப்பு வெளிவந்ததும் 2010 ஜூன், கோவை கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடும் கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்ததும் 2010 ஜூன். அப்போது நான் கல்லூரிப் பையன். தோரணவாயில் பார்க்கத்தான் போனேன், கட்டுரை எதையும் கேட்கவில்லை.

அன்புடன்,
பீளமேட்டிலிருந்து

*

தம்பிக்கு,

முளை வாசித்தேன், சிரிக்கவில்லை. எங்கள் அப்பாவுக்கு ஆறு எருமை, ஆறு முளை. பாலிடெக்னிக்கில் என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது உடனே பிடிபடும். மீதிப் பாதி ஈரோட்டு டவுன் பிள்ளைகள், அவர்களுக்குப் படம் போட்டுக் காட்டிக்கொள்கிறேன்.

‘தடம்’ மட்டும் ஒத்துவராது. நம் பட்டியலிலேயே பதினோராவது சொல்லைப் பாருங்கள். எந்தச் செயற்கூறு எதை அழைத்து இங்கே வந்தது என்று காட்டுவதற்கு ‘அடுக்குத்தடம்’ என்று ஏற்கெனவே எடுத்துவிட்டோம். ஒரே பாடத்தில் அடுக்குத்தடமும் தடப்பட்டியலும் வந்தால் தேர்வில் மாற்றி எழுதுவார்கள், திருத்துகிற எனக்குத்தான் பாடு. இன்னொன்று, நமக்குத் தடம் என்றால் போகிற வழி. மதுரைக்காரருக்கும் நெல்லைக்காரருக்கும் முதலில் தோன்றுவது காலடித் தடம், அதாவது போய்விட்டவன் விட்டுச் சென்றது. மாறி முன்பு எங்கே இருந்தது என்று அவர்கள் படித்துவிடுவார்கள். பெரியசாமித் தூரன் ஐயா நம் ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசுக்காரர்தான். கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிக்கும் அவர்தான் முதன்மைப் பதிப்பாசிரியர். அது எல்லா ஊர்த் தமிழருக்குமாக எழுதியது, நம் பட்டியலும் அப்படி இருக்கட்டும்.

‘வழிக்குறிப்பு’ என்று வைத்தால் என்ன? நீங்கள் சொன்ன பொருள் அப்படியே இருக்கும், எங்கும் முட்டாது. பட்டியலுக்கு ‘வழிப்பட்டியல்’.

இடமில்லாத மாறி பற்றிச் சொன்னீர்கள். மூலத்திலேயே ‘லொகேஷன்’ என்றுதானே இருக்கிறது, அவர்களே விட்டுவிட்டதை நாம் ஏன் இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டும் என்று அண்ணா கேட்பார். என் பதில், புதுச் சொல் செய்கிறவனுக்கு இருக்கிற ஒரே சலுகை அதுதான். முப்பது ஆண்டு கழித்து வருகிற நமக்கு அந்தப் பொருள் எங்கெல்லாம் விரிந்தது என்று தெரியும்.

தும்பளவு வேண்டாம். நாகர்கோவில் பக்கம் தும்பு என்றால் தேங்காய் நார். ‘விலக்கம்’ போதும்.

ஈரோட்டிலிருந்து, அக்கா

*

அக்காவுக்கு வணக்கமுங்க.

அடுக்குத்தடத்தை நான் கவனிக்கவே இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகிவிட்டது. வழிக்குறிப்பு, வழிப்பட்டியல், விலக்கம், சரி. சட்டக முளையை மட்டும் விட்டுத்தர மாட்டேன், நீங்களும் கேட்கவில்லை.

நேற்று வழுநீக்கியில் வருகிற அந்தச் செய்தியைச் சோதனைக்காக ‘இங்கே மதிப்பு எஞ்சவில்லை’ என்று மாற்றித் தம்பியிடம் கொடுத்தேன். ‘இங்கே’ நான் கடைசி நேரத்தில் சேர்த்தது. திரையைப் பார்த்தவன், “அப்ப மேல போய்ப் பாக்கோணுங்களா?” என்றான். கம்பைலர் பதிப்பைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன். ஒன்று பாக்கி. ஒரே மாறியின் பாதி பதிவகத்திலும் மீதி அடுக்கிலும் கிடக்கும்போது வழிக்குறிப்பில் ‘பீஸ்’ என்று வருகிறதே, அதற்கு யாராவது சொல்லுங்கள். ‘துண்டு’ என்று போட்டேன், தோளில் போடுகிற துண்டா என்று பொள்ளாச்சி அண்ணா போன் போட்டுக் கேட்டுவிட்டார்.