‘நீர்வெறுப்பு’ என்பதற்கு மாற்றாக ‘நீரொதுங்கு’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

உயிர்களைப் புரிந்துகொள்ளத் தேவையான அடிப்படை வேதியியற் சொற்களின் பட்டியலில், நீரோடு கலவாத மூலக்கூறுகளைக் குறிக்க ‘நீர்வெறுக்கும்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று இந்த இழையில் இருவர் எழுதியிருக்கிறார்கள். பழகிய சொல், கேட்டவுடன் மனத்தில் பதியும் சொல் என்பது அவர்கள் காட்டும் காரணம். நிலைபெற்ற சொல்லை மாற்றுவதில் எனக்கும் தயக்கம் உண்டு. ஆயினும் இந்த ஒரு சொல்லை விட்டுவிட முடியவில்லை, ஏனெனில் அது பொருளைத் தலைகீழாகச் சொல்கிறது. ‘ஹைட்ரோபோபிக்’ (hydrophobic) என்னும் ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்தில் உள்ள ‘அச்சம்’ தமிழில் ‘வெறுப்பு’ ஆயிற்று. அச்சம், வெறுப்பு இரண்டுமே எண்ணெயைச் செயலுக்கு உரியதாகக் காட்டுகின்றன. உண்மையில் செயல் நீரினுடையது.

ஒரு கண்ணாடிக் குவளை நீரின்மேல் இரண்டு எண்ணெய்த் துளிகளை அருகருகே விட்டுப் பாருங்கள். சிறிது நேரம் தனித்தனியே மிதக்கும். விளிம்புகள் தொட்டதும் இடையில் மெல்லிய கழுத்துப்போல ஓர் இணைப்புத் தோன்றும், கண் இமைப்பதற்குள் இரண்டும் ஒரே வட்டமாகிவிடும். பார்ப்பவருக்கு எண்ணெய் எண்ணெயைத் தேடிச் சென்றது போலவும், நீரை வெறுத்து ஓடியது போலவும் தோன்றும். அளந்து பார்த்தால் கதை வேறு. எண்ணெய்க்கு எடுத்துக்காட்டாக, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஹெக்சேன் என்னும் நீர்மத்தைக் கொள்வோம். ஹெக்சேனை ஹெக்சேனிலிருந்து பிரித்துப் புதுப் பரப்பு உண்டாக்கச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 36 மில்லிஜூல் வேண்டும். ஹெக்சேனை நீரிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 40 மில்லிஜூல் வேண்டும். அதாவது, ஹெக்சேன் தன் இனத்தைப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு நீரையும் பற்றிக்கொள்கிறது. நீரை நீரிலிருந்து பிரிக்கவோ 144 மில்லிஜூல் வேண்டும். எண்ணெய்க்கு நீரின்மேல் வெறுப்பில்லை, நீருக்கு நீரோடு உள்ள பிணைப்புத்தான் அளவுக்கு மிஞ்சியது. இந்தப் பட்டியலுக்கு வேறு எண்கள் எதையும் நான் கொண்டுவராவிட்டாலும் இந்த மூன்றும் போதும் என்று நினைக்கிறேன்.

நீரின் இந்த இறுக்கம் ஹைட்ரஜன் பிணைப்பிலிருந்து வருகிறது. ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்திறன் 3.44, ஹைட்ரஜனுடையது 2.20. அதனால் மூலக்கூறு முனைவுறுகிறது (ஒரு பக்கம் சற்றே எதிர்மின், மறுபக்கம் சற்றே நேர்மின்), ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகள் வரை பிணைந்து நிற்க முடிகிறது. கார்பனின் கவர்திறன் 2.55, ஹைட்ரஜனோடு வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே கார்பன்–ஹைட்ரஜன் சங்கிலியால் அந்தப் பிணைப்பு வலையில் சேர இயலாது. அது உள்ளே நுழைந்தால், சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் தம் பிணைப்புகளை விட்டுக்கொடுக்காமல், திரும்பக்கூடிய திசைகளைக் குறைத்துக்கொண்டு அதைச் சூழ்ந்து நிற்கின்றன. பென்டேன் போன்ற சிறு மூலக்கூறுகள் அறை வெப்பநிலையில் நீரில் கரையும்போது சிறிதளவு வெப்பம் வெளிப்படவே செய்கிறது. கரைதலைத் தடுப்பது வெப்பக் கணக்கு அன்று, நீர் இழக்கும் என்ட்ரோபி, அதாவது மூலக்கூறுகள் பலவாறாக அமைந்து நிற்கக்கூடிய உரிமையின் அளவு. சம அளவுள்ள இரண்டு கோளத் துளிகள் ஒன்றானால் நீரைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைகிறது. அந்த அளவுக்கு நீர் மூலக்கூறுகள் விடுதலை பெறுகின்றன.

உயிரியலில் இது சிறு செய்தி அன்று. செல் சவ்வின் கொழுப்பு இரட்டை அடுக்கு சுமார் 4 நானோமீட்டர் தடிமனே உடையது. அதிலுள்ள பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள் (நீரோடு சேரும் தலையும் சேராத கார்பன்–ஹைட்ரஜன் வால்களும் உடையவை) ஒன்றோடொன்று சகப்பிணைப்பால் கட்டப்படவில்லை. சுற்றியுள்ள நீர்தான் வால்களை உள்ளே ஒதுக்கி அடுக்கைச் சேர்த்து வைத்திருக்கிறது, சிறு கிழிசல் விழுந்தால் அதே காரணத்தால் மூடிக்கொள்கிறது. புரதம் மடியும்போது லியூசின், வேலின், பினைல் அலனின் போன்ற அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள் பெரும்பாலும் உள்ளே போவதும் இவ்வாறே. 1959-இல் வேதியியலாளர் வால்டர் காவ்ஸ்மன் புரத மடிப்பில் இதன் பங்கை விரித்துரைத்தார். அவர் இதைப் பிணைப்பு என்றே அழைத்தார், ஆனால் தனியான பிணைப்பு எதுவும் இங்கு இல்லை. புரதங்கள் ஒன்றுசேர்ந்து அமையும் செல்லின் நுண்குழல்களை (microtubules) 4 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்தால் அவை பிரிந்துபோகின்றன, 37 டிகிரிக்குச் சூடாக்கினால் மீண்டும் சேர்கின்றன. ‘வெறுப்பு’ என்று கற்ற மாணவரால் இதை எப்படி விளங்கிக்கொள்ள முடியும்? என்ட்ரோபியின் பங்கு வெப்பநிலை குறையக் குறையும், ஆகவே அதனால் நிகழும் சேர்க்கை குளிரில் தளரும் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

‘நீர்விலக்கும்’ என்று மற்றொருவர் முன்மொழிந்ததைப் பலமுறை எண்ணிப் பார்த்தேன். ‘விலக்கு’ பிறவினை. நீரை விலக்கும் பொருளா, நீர் விலக்கும் பொருளா என்னும் ஐயம் தீராது. பெரும்பாலோர் முதற் பொருளையே கொள்வர். ‘நீரொவ்வா’ என்பது அழகான சொல்தான், ஆனால் ஒவ்வாமை இன்று நோய்ப்பெயராகிவிட்டது.

என் முன்மொழிவு ‘நீரொதுங்கு’. ‘ஒதுங்கு’ தன்வினை, ‘ஒதுக்கு’ பிறவினை: நீர் ஒதுக்குகிறது, எண்ணெய் ஒதுங்குகிறது. இந்த இணையிலேயே முழு விளக்கமும் அடங்கிவிடுகிறது. மழைக்கு ஒதுங்கியவர்கள் ஒரே கூரையின்கீழ் நெருங்கி நிற்பது ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பினால் அன்று. அலை கொண்டுவந்து சேர்த்த பொருளைக் ‘கரை ஒதுங்கியது’ என்கிறோம்; அங்கும் செய்தது நீரே. ‘நீரொதுங்கு வால்’, ‘நீரொதுங்கு பகுதி’ என வினைத்தொகையாகவும், ‘நீரொதுங்கல் விளைவு’ எனத் தொழிற்பெயராகவும் இது இயல்பாக விரிகிறது. எதிர்ச்சொல்லாக ‘நீரிணங்கு’ என்பதை வைத்தால் ‘நீரிணங்கு தலை, நீரொதுங்கு வால்’ என்று பாஸ்போலிப்பிடை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

ஒதுங்குதலுக்கு இடக்கரடக்கலாக வேறொரு வழக்கு உண்டு, வகுப்பில் மாணவர் சிரிப்பார்கள் என்று தனிமடலில் ஒருவர் எச்சரித்தார். அது உண்மையே. ஆனால் ‘நீர்’ முன்னே நின்று, ‘வால்’, ‘பகுதி’, ‘விளைவு’ பின்னே வரும்போது அந்தப் பொருள் எழ இடம் குறைவு என்று நம்புகிறேன். பாடம் நடத்துபவர்கள் தங்கள் பட்டறிவைக் கொண்டு இதைத் திருத்தலாம்.

எனக்கு விடை கிடைக்காத இடம் ஒன்று உண்டு. தலை இணங்கியும் வால் ஒதுங்கியும் நிற்கும் முழு மூலக்கூற்றுக்கு ஒரு பெயர் வேண்டும். ‘ஈரியல்பு’ என்பது அமிலமாகவும் காரமாகவும் வினைபுரியும் பொருள்களுக்கு ஏற்கெனவே வழங்குகிறது; அதையே இங்கும் இட்டால் அமினோ அமிலங்களைப் பற்றி எழுதும்போது குழப்பம் உறுதி. ‘இணங்கொதுங்கி’ என்று ஒட்டிப் பார்த்தேன், நாவில் தங்கவில்லை. பட்டியலில் அந்த வரியை வெற்றிடமாக விட்டிருக்கிறேன். உங்கள் சொற்களை எழுதுங்கள்.