மாணிக்கம் தாத்தா குடும்பம் (குழு)

யாழினி: பெரியப்பா, இருக்கிறீர்களா? நாளைக்கு ரஷ்ய மொழி வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். இங்கே ஸ்மோலென்ஸ்கில் பிறந்த எழுத்தாளராம், அலெக்சாந்தர் பெலாயேவ். படித்திருக்கிறீர்களா?

கார்த்தி: ஸ்மோலென்ஸ்க் பக்கம் என்றால் ககாரின்தானே?

யாழினி: ககாரினை ஒரு பஞ்சாப் பையன் பிடித்துவிட்டான்.

கௌசல்யா: சாப்பிட்டாயா?

ராஜாமணி பெரியப்பா: படித்திருக்கிறேனாவா! பிறந்தது 1884. அப்பா பாதிரியார். மகனையும் அதற்கே படிக்கவைத்தார், அவர் சட்டம் படித்து வக்கீலாகிவிட்டார். உன் ஊரிலேயே ‘ஸ்மோலென்ஸ்கி வெஸ்த்னிக்’ பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதினார், அப்புறம் அதற்கே ஆசிரியர்.

வசந்தா அத்தை: அங்கே எத்தனை டிகிரி?

யாழினி: மைனஸ் 9 அத்தை.

கௌசல்யா: காதை மூடிக்கொள்.

ராஜாமணி பெரியப்பா: இனிமேல்தான் விஷயம். முப்பது தாண்டியதும் முதுகெலும்பில் காசநோய். இடுப்புக்குக் கீழே விழுந்துவிட்டது. மூன்றரை வருடம் மாவுக்கட்டில் படுக்கை. கட்டியவள் விட்டுப் போய்விட்டாள். அம்மாதான் யால்டாவுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொண்டார்.

யாழினி: பாட்ஸ் நோய்! இப்போதுதான் பாடத்தில் வந்தது.

ராஜாமணி பெரியப்பா: அப்படியானால் இதைப் பேசு. 1925இல் ஒரு கதை எழுதினார். இறந்துபோன பேராசிரியர் டவெலின் தலையை மட்டும் குழாய் பொருத்தி உயிரோடு வைத்திருப்பார்கள். பாதி என் சொந்தக் கதை என்று அவரே பின்னால் எழுதினார். கை அசையும், ஆனால் உடம்பு இருப்பதே தெரியாமல் தலை மட்டும் வாழ்ந்த வாழ்க்கை. 1937இல் அதையே நாவலாக விரித்தார்.

கார்த்தி: தலை மட்டும் வேலை செய்யும், உடம்பு அசையாது. மாமாவின் ஞாயிற்றுக்கிழமை.

சேகர் மாமா: எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வசந்தா அத்தை: அண்ணா, உங்கள் மாஸ்கோ புத்தகமெல்லாம் என் பரணில்தான் கிடக்கிறது. அடுத்த வாரம் பெயிண்ட் அடிக்க ஆள் வருகிறான். எப்போது எடுப்பீர்கள்?

ராஜாமணி பெரியப்பா: நான் வைத்தது இரண்டு பெட்டி. போன தடவை ஒன்றுதான் இருந்தது.

வசந்தா அத்தை: கரையான் அரித்ததைப் பூஜை அறையிலா வைப்பார்கள்?

ராஜாமணி பெரியப்பா: கரையானா, பழைய பேப்பர்காரனா?

கௌசல்யா: பிள்ளைக்கு நாளைக்கு வகுப்பு.

யாழினி: சுறா செவுள் வைத்த பையன் கதையும் இவர்தானே?

ராஜாமணி பெரியப்பா: ஆமாம், 1928. அர்ஜென்டினாவில் நடக்கிறது. டாக்டர் சல்வதோர் செவுள் பொருத்துவார், முத்துக்குளிப்பவர்கள் பையனைக் கடல் பிசாசு என்று நடுங்குவார்கள். 1962இல் படமாக வந்து ஆறரைக் கோடி டிக்கெட் விற்றது. 1941இல் ‘ஆரியேல்’, பறக்கிற பையன். அந்தக் கதை தொடங்குவதே நம் மெட்ராஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில்!

கார்த்தி: அடையாறா?

சேகர் மாமா: பறந்தால்தான் ஓ.எம்.ஆரில் போக முடியும்.

வசந்தா அத்தை: யாரோ அங்கே வருகிறார்களாமே? பருப்புப்பொடி கொடுத்துவிடவா?

யாழினி: சீனியர் அக்கா. 2 கிலோதான் எடுப்பாராம்.

கௌசல்யா: நார்த்தங்காய் மட்டும் ஒன்றரைக் கிலோ கட்டிவிட்டேன்.

யாழினி: பெலாயேவ் எப்படி இறந்தார் பெரியப்பா?

ராஜாமணி பெரியப்பா: பட்டினி. லெனின்கிராடுக்குப் பக்கத்தில் புஷ்கின் என்ற ஊரில் இருந்தார். அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் எல்லாரோடும் கிளம்பவில்லை. ஜெர்மன் படை ஊரைப் பிடித்தது. 1942 ஜனவரி 6. பின்னால் கட்டிய மனைவியையும் மகளையும் ஜெர்மானியர்கள் கொண்டுபோய் முகாமில் அடைத்தார்கள். போர் முடிந்து வந்தவர்களைச் சொந்த அரசே சைபீரியாவில் இருக்கும் அல்தாய்க்குக் கடத்தியது. 11 வருடம்.

வசந்தா அத்தை: இதென்ன நியாயம்?

சேகர் மாமா: இதை அந்தக் காலத்தில் நீங்கள் சொன்னதே இல்லையே மச்சான்.

ராஜாமணி பெரியப்பா: அப்போது யார் எழுதினார்கள் மாப்பிள்ளை?

யாழினி: அல்தாய் விஷயத்தை வகுப்பில் சொல்லலாமா?

ராஜாமணி பெரியப்பா: சொல்.

கௌசல்யா: வேண்டாம்.

வசந்தா அத்தை: அண்ணா, பெட்டி?

ராஜாமணி பெரியப்பா: ஞாயிறு பார்க்கலாம்.

சேகர் மாமா: ஞாயிறு நாங்கள் ஊரில் இல்லை.

கார்த்தி: என்ன கலர் அத்தை?