மீற்றர் திரையில் ஒன்றும் வராவிட்டால் அதற்குப் பெயர் என்ன?

கல்லடி, தொழிற்பயிற்சி ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். திங்கட்கிழமை மின்சைக்கிள் திருத்தும் வகுப்பு தொடங்குகிறது. கையேட்டைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன், ஒரு தலைப்பைத் தவிர. பற்றரிக்கும் மோட்டாரைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலருக்கும் நடுவில் பூட்டி, வோல்ட், அம்பியர், வாட் மூன்றையும் காட்டுகிற மீற்றருக்கு 'மின்வலுமானி' என்று போட்டிருக்கிறேன். அதன் திரையில் ஒன்றுமே வராத பழுதை 'வெற்றுத்திரை' என்று எழுதினேன். வாசித்தால் இன்னும் பூட்டாத புதுத் திரையைச் சொல்வது போல இருக்கிறது. சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், உதவுங்கள்.

திருச்சி, பொறியாளர்:

'மின்வலு' என்றால் எங்களுக்கு உடல்வலு ஞாபகம்தான் வரும். 'மின்திறன் அளவி' என்று வைக்கலாமே?

அக்கரைப்பற்று, மொழிபெயர்ப்பாளர்:

அண்ணன், எங்கள் பாடப்புத்தகத்தில் 'திறன்' வேறு. உள்ளே போன சக்தியில் எவ்வளவு பயனாக வெளியே வருகிறது என்பதுதான் இங்கே திறன். மோட்டார் பாடத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும், பிள்ளைகள் குழம்புவார்கள். வலு அப்படியே இருக்கட்டும்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள், உங்களுக்கு உறுத்தியது சரியான இடம். 'வெறுமை' என்ற பண்புப்பெயர் இரண்டு வழியாகப் புணரும். நன்னூலின் 'ஈறு போதல்' சூத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'மை' கெட்டுத் தன்னொற்று, அதாவது றகர ஒற்று, இரட்டினால் வெற்றுத்தாள். வருகிற எழுத்துக்கு இனமான மெல்லெழுத்து மிகுந்தால் வெறுங்கை, வெறுங்கால், வெறுஞ்சோறு. வெற்றுத்தாளில் இனிமேல்தான் எழுத வேண்டும். வெறுங்கையிலோ இருக்க வேண்டியது இல்லை. மீற்றரில் எண் இருக்க வேண்டும், இல்லை. ஆகவே 'வெறுந்திரை'.

வெற்றிலையும் இதே சூத்திரத்துக்குள் அடங்கும். பூவும் காயும் பயன்படாமல் வெறும் இலையே பயன் தருவதால் வெறுமை இலை, வெற்றிலை என்பார்கள். களுதாவளைத் தோட்டங்களில் கொடிக்கால் நடுவே நின்று பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் உடனே பிடிபடும். சொல்லைக் கட்டும்போது வேரைப் பார்க்க வேண்டும். 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் எங்கள் ஊரில் பிறந்தவர். விஞ்ஞானமும் இலக்கணமும் ஒருவரிடமே இருந்தன. அந்த ஊரில் இருந்துகொண்டு அவசரத்துக்கு ஒரு சொல்லை ஒட்டவைக்க எனக்கு மனம் வராது.

காத்தான்குடி, சைக்கிள் திருத்துநர்:

டீச்சர், பெயர் வைக்க முன் ஒரு விஷயம். இது ஒரு பழுது அல்ல, இரண்டு. ஒரே பெயர் வைத்தால் பிள்ளைகள் தேவையில்லாத இடத்தையெல்லாம் கழற்றுவார்கள்.

முதலாவது, திரையில் வெளிச்சமும் இல்லை, எண்ணும் இல்லை. பெரும்பாலும் மீற்றருக்குக் கரண்ட் வரவில்லை. 48 வோல்ட் லித்தியம் பற்றரியில் 13 செல் வரிசையாக இருந்தால் முழுச் சார்ஜில் 54.6 வோல்ட் இருக்கும். மீற்றருக்குப் போகிற மெல்லிய வயரின் கனெக்டரில் அந்தளவு வருகிறதா என்று மல்டிமீற்றரால் பார்க்க வேண்டும், இரண்டு ஊசியும் ஒன்றோடொன்று முட்டாமல். எங்கள் பக்கம் கடற்காற்று. போன வாரம் ஒரு சைக்கிளில் கனெக்டரைப் பிரித்தால் பின்னைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. பற்றரியைக் கழற்றிவிட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துத் திரும்பப் பூட்டினேன், திரை பத்தியது, வெளிச்சம் வந்தது.

இரண்டாவது, வெளிச்சம் இருக்கிறது, எண் மட்டும் இல்லை. அப்படியென்றால் கரண்ட் வருகிறது, பற்றரிப் பக்கம் போகவே தேவையில்லை. சில மீற்றர்களில் கண்ணாடிக்கும் சர்க்கிட் பலகைக்கும் நடுவே வரிவரியாக ஒரு ரப்பர் துண்டு இருக்கும். அது விலகினால் எண் போய்விடும். பெருவிரலால் கண்ணாடி ஓரத்தை மெல்ல அழுத்தினால் எண் வந்து வந்து மறையும், அதை வைத்துப் பிடித்துவிடலாம்.

மத்தியான வெயிலில் கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். உள்ளங்கையைக் குவித்துத் திரையை மூடி விரலிடுக்கால் பாருங்கள், வெளிச்சம் உண்டா இல்லையா என்று விளங்கும். இதைக் கட்டாயம் கையேட்டில் போடுங்கள்.

இப்படி நடுவில் பூட்டுகிற மீற்றர் பத்தாவிட்டாலும் சைக்கிள் ஓடும். மோட்டாருக்குப் போகிற கரண்ட் உள்ளே இருக்கிற ஒரு தடித்த உலோகத் துண்டின் வழியாகப் போகிறது, திரை செத்தாலும் அது கடத்தும். ஆனால் கைபிடித் திரையே கன்ட்ரோலரை எழுப்புகிற சைக்கிள் என்றால் அசையாது. ரெண்டையும் குழப்ப வேண்டாம்.

அக்கரைப்பற்று, மொழிபெயர்ப்பாளர்:

காத்தான்குடி நானா சொன்ன பிறகு எனக்கு வழி தெளிந்துவிட்டது. வெளிச்சம் உண்டு, எண் இல்லை: வெறுந்திரை. இரண்டும் இல்லை: இருள்திரை. பெயரைக் கேட்டதும் கை எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிரிவு நல்லது, தம்பி. ஆனால் 'இருள்திரை' தமிழில் நிற்காது. ளகரத்தின் முன் தகரம் வந்தால் இரண்டும் திரியும். மக்கள் தொகை மக்கட்டொகை ஆவது போல 'இருட்டிரை' என்றுதான் வர வேண்டும். 'அருட்தந்தை' என்று எழுதுவதையும் நாற்பது வருடம் வகுப்பில் திருத்தியவன் நான்.

கல்லடி, தொழிற்பயிற்சி ஆசிரியை:

ஐயா, 'இருட்டிரை' என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் 'இருட்டு இரை' என்று பிரிப்பார்கள். ராத்திரி மீனுக்குப் போடுகிற இரை என்று நினைத்துவிடுவார்கள். கையில் ஸ்க்ரூட்ரைவரோடு நிற்கிற பிள்ளைக்குப் புணர்ச்சி விதி விளங்க நேரம் இல்லை.

காத்தான்குடி, சைக்கிள் திருத்துநர்:

கடைக்கு வருகிறவர்கள் 'மீற்றர் பத்துதில்லை' என்றுதான் சொல்கிறார்கள். அதையே எழுதினால் என்ன?

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இது நல்ல சொல்! பற்றுதல், தீப்பற்றுதல். 'பற்றாத' என்பதில் கடைசி எழுத்துக் கெட்டால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் 'பற்றா'. 'ஓடாக் குதிரை' போலப் 'பற்றாத் திரை'. ஊரார் வாயிலும் இருக்கிறது, நன்னூலிலும் இருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

அக்கரைப்பற்று, மொழிபெயர்ப்பாளர்:

'பற்றாக்குறை' நினைவுக்கு வருகிறது, ஐயா. திரையின் அளவு போதாது என்று விளங்கிக்கொள்வார்கள். விதியும் மீறாமல், குழப்பமும் இல்லாமல் 'இருண்ட திரை' என்று வைப்போமா?

திருச்சி, பொறியாளர்:

இருண்ட திரைக்கு என் ஆதரவு. மின்வலுவுக்கும் சரி.

காத்தான்குடி, சைக்கிள் திருத்துநர்:

எனக்கும் சரி.

கல்லடி, தொழிற்பயிற்சி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. வெறுந்திரை, இருண்ட திரை இரண்டையும் தலைப்பாகப் போட்டு, 'மீற்றர் பத்துதில்லை' என்பதைக் கீழே வாடிக்கையாளர் சொல்லும் முறைப்பாடாக எழுதிவிட்டேன். உள்ளங்கை விஷயமும் படத்தோடு சேர்ந்துவிட்டது. இன்றிரவு அச்சுக்குப் போகிறது.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'இருண்ட திரை' ஒரு வருணனை, கலைச்சொல் ஆகாது. அடுத்த பதிப்பு வரும்போது 'பற்றாத் திரை'யைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும், மகள். நான் அதை விடவில்லை.