மறு: 'மின்னஞ்சல் வாடிக்கையாளர்' – மாற்றுச் சொல்

நண்பர்களே, வணக்கம். ஆங்கிலத்தில் 'ஈமெயில் கிளையன்ட்' எனப்படும், கணினியில் நிறுவி மடல்களைப் பெறவும் அனுப்பவும் பயன்படும் மென்பொருளுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். 'மின்னஞ்சல் வாடிக்கையாளர்', 'கிளையன்', 'மின்னஞ்சல் செயலி' ஆகியவை பேசப்பட்டன.

> 'கிளையன்ட்' என்றால் வாடிக்கையாளர் என்று அகராதியிலேயே இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம். கடைக்கு வருபவர் வாடிக்கையாளர். தண்டர்பேர்டு போன்ற ஒரு மென்பொருளை 'மின்னஞ்சல் வாடிக்கையாளர்' என்று எழுதினால், காசு கட்டி மின்னஞ்சல் வாங்கும் ஒரு மனிதர்தான் படிப்பவர் கண்முன் வருவார். 'கிளையன்' ஒலிபெயர்ப்பாகவும் இல்லை, பொருளும் தரவில்லை. 'மின்னஞ்சல் செயலி' தவறில்லை; ஆனால் வலைப்பக்கத்துக்கு உறை போட்டுக் கைப்பேசியில் தருவதும் செயலிதானே?

இந்த மென்பொருள் என்ன செய்கிறது என்பதிலிருந்து சொல்லைத் தேடுவோம். சென்ற மாதம் 2001இல் வந்த ஒரு மடல் எனக்குத் தேவைப்பட்டது. திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் எழுதியது. அந்தக் காலத்து மடல்களை எல்லாம் கணினியில் இறக்கி, கணினி மாறும்போதெல்லாம் கோப்புறையோடு எடுத்துவந்திருக்கிறேன். தண்டர்பேர்டில் திறந்தபோது முழுக்கக் குறிகளும் ஐரோப்பிய எழுத்துகளுமாகத் தெரிந்தது. ஆனால் மடல்களைச் சேமிக்கும் எம்பாக்ஸ் என்ற கோப்பு வெறும் உரைக்கோப்பு. அந்த மடலை மட்டும் வெட்டியெடுத்து ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றினேன். ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. அதே ஆண்டுகளில் உலாவியில் திறந்து பார்க்கும் ஓர் இலவச வலையஞ்சல் கணக்கில் நான் எழுதியவை, அந்தச் சேவை மூடப்பட்டபோது அதனுடனேயே போய்விட்டன. கணினியில் நிறுவும் மென்பொருளில் அப்படியில்லை. பாப்3 என்ற நெறிமுறை வழியில் மடல் வழங்கியிலிருந்து (சர்வரிலிருந்து) இறங்கி நம் வட்டுக்கு வந்துவிடுகிறது. ஐமேப் என்ற இன்னொரு நெறிமுறையில் மூலம் அங்கே இருந்தாலும் படி ஒன்றை இங்கே வைத்துக்கொள்ளலாம். இணையம் அறுந்திருக்கும்போதும் படிக்கலாம், தேடலாம், பதில் எழுதி வைக்கலாம். மடல் நம் கையில் இருக்கிறது. நாம் தேடும் சொல்லில் இந்தக் 'கை' இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

உலாவு – உலாவி என்பதுபோல அஞ்சலோடு இகரம் சேர்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். சேர்த்தால் 'அஞ்சலி' ஆகிவிடும். அந்த வழி அடைபட்டது.

என் முன்மொழிவு: அஞ்சல் கையாளி.

மின்னஞ்சல் கட்டமைப்பை விளக்கும் ஆர்எஃப்சி 5598 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், இதை 'மெசேஜ் யூசர் ஏஜென்ட்' என்கிறது. பயனர் சார்பில் மடலை வாங்கி, வைத்து, அனுப்புவது என்று பொருள். ஏஜென்ட்டை 'முகவர்' என்றால் காப்பீட்டு முகவர் நினைவுக்கு வருகிறார். 'கையாளு' என்ற வினை இந்த மூன்று வேலைகளையும் தாங்கும்.

> கையாள் என்றால் அடியாள் என்றல்லவா ஒலிக்கிறது?

'கையாள்' அப்படி ஒலிக்கலாம். 'கையாளுதல்' அப்படி ஒலிப்பதில்லை. நிதியைக் கையாளுகிறோம், மொழியைக் கையாளுகிறோம். 'கையாளி' அந்த வினையிலிருந்து பிறக்கிறது. புணர்ச்சி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 'அஞ்சற்கையாளி' இலக்கணப்படி சரி. ஆனால் அஞ்சல்தலையை நாம் 'அஞ்சற்றலை' என்று எழுதுவதில்லை. இடைவெளி விட்டே எழுதலாம்.

அடுத்து, கணினியில் நிறுவும் மென்பொருளைக் குறிக்க ஆங்கிலத்தில் முன்னால் சேர்க்கும் 'நேட்டிவ்', 'டெஸ்க்டாப்' என்ற அடைமொழிகள். 'இயல்', 'மேசை' என்று முன்னால் ஒட்டவே வேண்டாம். ஸ்டீவ் டோர்னர் யூடோரா என்ற அஞ்சல் மென்பொருளை எழுதியது 1988இல். ஹாட்மெயில் என்ற வலையஞ்சல் சேவை வந்தது 1996இல். மூத்தது கணினியில் நிறுவும் மென்பொருள்தான். ஆகவே அதற்கு அடைமொழியின்றி 'அஞ்சல் கையாளி' போதும். உலாவி வழியே பார்ப்பதற்கு 'வலையஞ்சல்' என்ற தனிச்சொல் ஏற்கெனவே இருக்கிறது.

அமைப்புப் பட்டியலில் இப்படி வரும்: 'தண்டர்பேர்டை முதன்மை அஞ்சல் கையாளியாக வை'. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கில் இடறினால் எந்த இடத்தில் என்று எழுதுங்கள்.

'அவுட்பாக்ஸ்' என்பதற்கான தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகவில்லை. வலையஞ்சலில் பெரும்பாலும் அது கண்ணில் படுவதில்லை என்பதால் பலரும் 'அனுப்பியவை'யோடு குழப்பிக்கொள்கிறார்கள். எழுதி முடித்து, இணைப்புக்காகக் காத்திருக்கும் மடல்களின் இடம் அது. 'புறப்படுபவை' சரிவருமா?

அன்புடன்