இன்-இயர் (காதுக்குள் செருகும் இயர்போன்) ஒலி நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: புதிதாக ஒரு இன்-இயர் வாங்கினேன், பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, அள்ளும் என்றார்கள், எனக்கோ மிருதங்கத்தில் கனமாக ஒலிக்கும் தொப்பிப் பக்கமே சரியாகக் கேட்கவில்லை. பொருள் மோசமா?

பதில் 1: முதலில் ரப்பர் டிப்பை மாற்றிப் பாருங்கள். காதை முழுதாக அடைக்காவிட்டால் பேஸ் கசிந்துவிடும், அதற்கு இயர்போனைக் குறை சொல்லக் கூடாது. இரண்டு காதுக்கும் ஒரே சைஸ்தான் பொருந்தும் என்றும் இல்லை.

பதில் 2: அப்புறம், இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள், கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். பாடும் குரலில் 'ஸ' வரும் இடங்களைக் கவனியுங்கள், அது காதில் குத்தினால் பெரும்பாலும் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையான கூர்மையான மேல் ஒலிப் பகுதி தூக்கலாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இதுதான் முதல் சோதனை, பேஸ் எல்லாம் பிறகுதான்.

கேட்டவர்: இடது காதுக்குப் பெரிய டிப் போட்டதும் தொப்பி கும்மென்று வருகிறது. ரொம்ப நன்றி. 'ஸ' சோதனையை ராத்திரி செய்து பார்க்கிறேன்.